பாஸ்போர்ட் இல்லாத தூதரும் அவர் மனைவியும்

2019-ல் என் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஜோஹன்னஸ்பர்க் போயிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் எல்லாம் இருந்தன. அந்த நாட்டைப் பற்றிய சமாசாரம் மட்டும் என் தலையில் ஒன்றுமே இல்லை. காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கி விட்ட ஊர், மண்டேலா பிறந்த ஊர், அவ்வளவுதான் தெரியும். பிரசவம் பார்க்கப் போகிற தாய்க்கு அதற்கு மேல் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போதே, ஏழு வயதுப் பேத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, அந்த போர்டைப் பாருங்க. ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்னு போட்டிருக்கு. அது யாரு? ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்குத் தெரியவில்லை. கார் ஓட்டிக் கொண்டிருந்த மாப்பிள்ளைதான், "மண்டேலாவோட சிநேகிதர் அத்தை, பெரிய தலைவர். ரொம்ப வருஷம் வெளிநாட்டிலேயே இருந்தார்" என்றார்.

வெளிநாட்டிலேயே இருந்தார்! அந்த ஒரு வார்த்தை என் மனசில் ஒட்டிக் கொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூங்கப் பண்ணிய பிறகு கிடைக்கிற ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில், மாப்பிள்ளை கொண்டு வந்து கொடுத்த புத்தகங்களைப் படித்தேன். பேத்தியின் ஒரு பக்கக் கட்டுரைக்காக ஆரம்பித்த படிப்பு, நாற்பது நாளும் என்னை விடவில்லை. அப்படித் தெரிந்து கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டராக ஆசைப்பட்டவர்

ஆலிவர் டாம்போ 1917 அக்டோபர் 27-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, போண்டோலாந்தில், ன்கண்டோலோ என்ற கிராமத்தில் பிறந்தவர். முதல் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த சமயம். தங்கள் மண்ணைப் பிடித்துக் கொண்ட பிரிட்டிஷார் மேல் அப்பாவுக்கு இருந்த கோபத்தைப் பாருங்கள்! பிரிட்டிஷாரின் எதிரியான ஜெர்மன் கெய்ஸரின் பெயரை ஒட்டிப் பிள்ளைக்குக் 'கைஸானா' என்று பெயர் வைத்து விட்டார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பெயர் வேண்டும் என்று கேட்டபோது வந்ததுதான் ஆலிவர்.

பையன் படிப்பில் கெட்டி. பள்ளி வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்து விட்டாலும் மிஷன் பள்ளிகளின் உதவியால் படிப்பு தொடர்ந்தது. டாக்டராக வேண்டுமென்று ஆசை. ஆனால் அந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகள் அப்போது கறுப்பு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து 1941-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே ஒரு மாணவர் போராட்டத்தில் முன்னே நின்றதற்காகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். பிறகு தாம் படித்த ஜோஹன்னஸ்பர்க் பள்ளியிலேயே கணக்கு, விஞ்ஞான வாத்தியாரானார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா தொந்தரவு வேறு! கடைசி வரை அது அவரை விடவில்லை.

1944-ல் மண்டேலா, சிசுலு ஆகியோரோடு சேர்ந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் இளைஞர் அணியை ஆரம்பித்தார். பிறகு சட்டம் படித்து, 1952-ல் மண்டேலாவும் அவருமாக 'மண்டேலா அண்ட் டாம்போ' என்று வக்கீல் ஆபீஸ் திறந்தார்கள். கறுப்பர்கள் நடத்திய முதல் வக்கீல் கூட்டு நிறுவனம் அது. கோர்ட்டுக்கு எதிரே சான்ஸலர் ஹவுஸ் என்ற சின்னக் கட்டடம். நகர நடுவில் கறுப்பருக்கு யாரும் இடம் தராத காலத்தில் இவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்த அந்தக் கட்டடம் இந்தியர்களுடையது. படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது!

மூன்று வாரத்துக்குள் கைதும் கல்யாணமும்

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிலெய்ட் நர்ஸ் படிப்புப் படித்தவர். அவரை விட ஏறக்குறைய 12 வயது இளையவர். பத்து வயதாக இருந்தபோது, தம்முடைய கிழட்டுத் தாத்தாவைப் போலீஸார் பிடித்துக் கொண்டு போய் அவமானப்படுத்தியதைக் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கு மனசில் விழுந்த நெருப்பு அணையவே இல்லை. பதினெட்டு வயதுக்குள் கட்சி வேலைக்கு வந்து விட்டார்.

1956 டிசம்பர் 22-ஆம் தேதி கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி விடியற்காலை என்ன நடந்தது தெரியுமா? நாடு முழுவதும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் ஆட்களைப் பிடித்துக் கொண்டு போனார்கள். அந்த வழக்கில் சேர்க்கப்பட்ட 156 பேரில் மாப்பிள்ளையும் ஒருவர். ஜாமீனில் வந்து, குறித்த தேதியில் தாலி... மன்னிக்கவும், மோதிரம் மாற்றிக் கொண்டார்கள்! பாதிரியாராகி விடலாம் என்ற எண்ணம்கூட டாம்போவுக்கு இருந்ததாம். அந்தக் கைது அந்த எண்ணத்தையும் கலைத்து விட்டது.

அவர் மேல் இருந்த வழக்கை அடுத்த வருஷம் விலக்கிக் கொண்டார்கள். 1958-ல் கட்சியின் துணைத் தலைவரானார். அப்போதே மேலிடத்தில் ஒரு யோசனை இருந்தது: நெருக்கடி வந்தால் ஒருவர் வெளியே போய் உலகத்திடம் பேச வேண்டும், அது டாம்போவாக இருக்கட்டும் என்று.

நெருக்கடி 1960 மார்ச் 21-ஆம் தேதி வந்தது. கறுப்பர்கள் சொந்த நாட்டிலேயே நடமாட எப்போதும் ஒரு பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அதை எதிர்த்து ஷார்ப்வில் என்ற ஊரில் கூடிய ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்து போனார்கள். ஆறாம் நாள், ரானல்ட் ஸெகல் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகை ஆசிரியர் காரோட்ட, டாம்போ எல்லை தாண்டிப் பக்கத்து நாடான பெசுவானாலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். இன்றைய போட்ஸ்வானா அதுதான். ஏப்ரல் 8-ஆம் தேதி கட்சியையே அரசாங்கம் தடை செய்து விட்டது.

போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கிருந்து மேலே போகப் பாஸ்போர்ட்? உள்நாட்டில் நடக்கப் பாஸ் கட்டாயம். வெளிநாடு போகப் பாஸ்போர்ட் கிடையாது! அப்போது உதவியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஃபிரீன் ஜின்வாலா என்ற இளம் பெண். தென்னாப்பிரிக்காவில் பிறந்த பார்ஸிப் பெண். நைரோபியிலிருந்த இந்தியத் தூதரக அதிகாரிகளிடம் பேசி, டாம்போவுக்கு இந்திய அரசின் பயணப் பத்திரம் வாங்கிக் கொடுத்தார். ஆக, அந்தத் தூதர் உலகத்தைச் சுற்றக் கிளம்பியது நம் நாட்டுக் காகிதத்தோடு! அந்த ஜின்வாலா 1994-ல் சுதந்திரத் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகர் ஆனார். 2023-ல்தான் காலமானார்.

கொடியும் கஜானாவும் இல்லாத தூதரகம்

தூதர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கொடி பறக்கிற கார், விருந்து, பங்களா! டாம்போவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பின்னால் அரசாங்கம் இல்லை, பணம் இல்லை, தூதருக்குள்ள சட்டப் பாதுகாப்பு இல்லை. போகிற நாட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஓட்டுரிமையே இல்லாத ஜனங்கள் சார்பில்" என்றுதான் சொல்ல முடியும்.

1963 அக்டோபர் மாதம் ஐக்கிய நாடுகள் சபைக் குழு ஒன்றின் முன் அவர் பேசினார். மண்டேலாவும் சிசுலுவும் மற்றவர்களும் தூக்குத் தண்டனை விதிக்கக் கூடிய வழக்கில் நின்றிருந்த நேரம். அவர் பேசிய சில நாளில், அந்தக் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்ற தீர்மானம் பொதுச் சபையில் நிறைவேறியது. ஆதரவு 106, எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒன்று தென்னாப்பிரிக்காவினுடையதுதான். அடுத்த வருஷம் தூக்கு விழாமல் ஆயுள் தண்டனையோடு போனதற்கு இப்படிச் சேர்ந்த உலக நிர்ப்பந்தமும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

1967-ல் தலைவர் லுதுலி காலமானதும் கட்சியின் பொறுப்பு முழுக்க இவர் தலையில் விழுந்தது. டான்சானியாவிலிருந்தும் பிறகு ஸாம்பியாவின் தலைநகர் லுஸாகாவிலிருந்தும் வேலை. ஒரு பக்கம் சோவியத் யூனியனிடம் ஆயுதமும் பயிற்சியும், இன்னொரு பக்கம் ஸ்வீடனிடம் பண உதவி, நடுவில் அமெரிக்கா, பிரிட்டனோடு பேச்சு. கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்திகள் எல்லாரோடும் மனஸ்தாபம் வராமல் குடும்பம் நடத்துகிற மருமகளுக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் புரியும்! கூட்டங்களில் எல்லாரையும் பேச விட்டுக் கேட்டுக் கொண்டே இருப்பாராம்; கடைசியில்தான் வாயைத் திறப்பாராம். ஓர் அறிக்கை வெளியே போகுமுன் வார்த்தை வார்த்தையாகத் திருத்துவாராம்.

1974-ல் ஐ.நா. சபை அவருடைய கட்சிக்குப் பார்வையாளர் அந்தஸ்து கொடுத்தது. நம் நாடு 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்திக் கொண்ட நாடல்லவா? 1967-ல் டில்லியில் கட்சிக்கு அலுவலகம் திறக்க வகை செய்தது. சிறையிலிருந்த மண்டேலாவுக்கு 1979-ஆம் வருஷத்து நேரு விருது அறிவித்தபோது, 1980-ல் டில்லிக்கு வந்து அதை வாங்கிக் கொண்டது டாம்போதான். 1990-க்குள் 27 நாடுகளில் கட்சிக்குத் தூதரகங்கள் போல அலுவலகங்கள் வந்து விட்டன.

அந்த வேலையில் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பாரிஸ் அலுவலகத்தில் பிரதிநிதியாக இருந்தவர் டல்ஸி ஸெப்டம்பர் என்ற பெண்மணி, முன்னாள் பள்ளி ஆசிரியை. 1988 மார்ச் 29-ஆம் தேதி காலை அலுவலகக் கதவைத் திறக்கும் நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவருக்கு இன்று வரை தண்டனை கிடைக்கவில்லை.

லண்டன் வீடு

அவர் இப்படி ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்தபோது வீடு எங்கே இருந்தது? லண்டனில், முஸ்வெல் ஹில் என்ற பகுதியில்.

அவர் போன சில மாதங்களில், அடிலெய்ட் சின்னப் பெண்ணையும் ஒன்றரை வயதுப் பையனையும் தூக்கிக் கொண்டு சுவாசிலாந்து வழியாக நாட்டை விட்டுத் தப்பினார். 1960 செப்டம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது பெண் லண்டனில் பிறந்தாள். சில வருஷங்களில் ஊர் திரும்பி விடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முப்பது வருஷம் ஆயிற்று!

புருஷனுக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே அடிலெய்ட் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். இரட்டை ஷிஃப்ட்; சில நாள் 20 மணி நேரம் வரை வேலை. அந்தச் சம்பளத்தில் மூன்று குழந்தைகள், வீட்டு வாடகை, குளிருக்கு உடுப்பு. அதற்கு மேல் ஊரிலிருந்து தப்பி வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும். பின்னாளில் ஜனாதிபதியான தாபோ ம்பெக்கி மாணவராக இங்கிலாந்து வந்தபோது அவருக்கும் அந்த வீடுதான் தாய் வீடு போல இருந்தது. டாம்போ வருஷத்தில் எப்போதோ வருவார். வந்தாலும் கூட்டம், பேட்டி, தொலைபேசி.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்து விட்டேன். எனக்குப் பழகிய வீடு அது.

என் வீட்டுக்காரர் 1990-லிருந்து 2009 வரை மஸ்கட்டில் வேலை பார்த்தார். நாட்டுக்காக இல்லை, வீட்டுக் கடனுக்காக, பெண்ணின் படிப்புக்காக. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கியதும் எங்கள் மகள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து கொள்வாள். பழகி ஒட்டிக் கொள்ளும்போது அவர் பெட்டி கட்டுவார்.

அன்று ராத்திரி குழந்தையை மடியில் போட்டுக் கொண்டு இதை மகளிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைகளும் உன்னை மாதிரிதான்மா வளர்ந்திருக்கு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒம்போது லீவு. நானூத்தஞ்சு நாள். நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

"உனக்காகத்தானே போனாக?"

"எனக்குத் தெரியும்மா. தெரியறது வேற, வலிக்கிறது வேற."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாட்டுக்காகப் போன தகப்பனாக இருந்தால் வலி குறைந்திருக்குமா? அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது கோயில் தல புராணம் ஆகி விடும். சமாதான வழியில் ஐம்பது வருஷம் கேட்டுப் பார்த்தும் பலிக்காமல் 1961-ல் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. டாம்போ தலைவராக இருந்தபோது, 1983-ல் பிரிட்டோரியா நகரத் தெருவில் வெடித்த குண்டில் 19 பேர் இறந்தார்கள். அவர்களில் வழியே போன சாதாரண ஜனங்களும் உண்டு. அங்கோலா நாட்டில் கட்சி நடத்திய முகாம்களில், உளவாளிகள் என்று சந்தேகப்பட்ட தங்கள் ஆட்களையே அடைத்து வைத்துக் கொடுமை செய்திருக்கிறார்கள். 1984-ல் அங்கே கலகம் மூண்டபோது விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆனாலும் தலைவர் என்ற பொறுப்பிலிருந்து அவரை விலக்கிப் பார்க்க முடியாது. பிற்காலத்தில் உண்மை அறியும் ஆணையமும் கட்சியின் மேல் இந்தக் குற்றத்தைப் பதிவு செய்தது.

அதே கைதான், டான்சானியா கொடுத்த நிலத்தில் அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் குழந்தைகள் காப்பகமும் கட்டியது. 1976-ல் ஸொவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு தப்பி வந்த இளசுகள் அங்கே படித்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் படிப்பைத் தொடர அந்தக் காப்பகம் துணையாக இருந்தது. ஓய்வு கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டுக் குழு நடத்துவதில் டாம்போவுக்கு அத்தனை பிரியமாம்.

1989 ஆகஸ்ட்

எண்பதுகளின் நடுவில் காற்று திரும்பியது. 1985-ல் தென்னாப்பிரிக்க வெள்ளைக்கார முதலாளிகளே ஸாம்பியாவுக்கு வந்து அவரோடு பேசினார்கள். 1987 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு மந்திரி ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அவரைச் சந்தித்தார். அரசாங்கத்தோடு பேச்சு வார்த்தை வரப் போகிறது என்பது டாம்போவுக்குத் தெரிந்து விட்டது. எந்த நிபந்தனைகளில் பேசுவது என்று ஒரு பத்திரம் தயாரித்து, பக்கத்து நாட்டுத் தலைவர்களிடம் ஒப்புதல் வாங்க விமானத்தில் ஊர் ஊராகப் பறந்தார். வயது 71. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை.

1989 ஆகஸ்டில் லுஸாகாவில் பக்கவாதம் தாக்கியது. லண்டனுக்கு எடுத்துப் போனார்கள். பிறகு ஸ்வீடனில் சிகிச்சை. அவர் அலைந்து உருவாக்கிய அந்தப் பத்திரம் ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஹராரே நகரில் ஏற்றுக் கொள்ளப்பட்டது. அப்போது அவர் படுக்கையில்! வார்த்தை வார்த்தையாகத் திருத்துகிற அந்த மனிதருக்குப் பேச்சே தடுமாறி விட்டது.

சகோதரிகளே, இங்கே ஒரு நிமிஷம் என் சொந்தக் கதையைக் கேளுங்கள். மஸ்கட்டிலிருந்து திரும்பிய அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கும் இதே வியாதி வந்தது. ராத்திரி சாப்பிடும்போது கையிலிருந்த தம்ளர் நழுவியது. வாய் லேசாகக் கோணியது. "அசதி, தூங்கினா சரியாயிரும்" என்றார். நானும் நம்பிக் காலை வரை காத்திருந்தேன். விடிந்தபோது வலது கை விழுந்து விட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். முழு வாக்கியம் ஒன்று பேசவில்லை. அங்கே இருந்த 19 வருஷத்தில் ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்த்துக் கொண்டாரா என்று நானும் கேட்டதில்லை.

ஆகவே மறக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ திடீரென்று பலமிழந்தாலும், பேச்சு குழறினாலும், அது அசதி இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். டாம்போ விழுந்த 1989-ல் அந்தச் சிகிச்சை புழக்கத்தில் இல்லை, இன்று இருக்கிறது. வீட்டை விட்டு வெளியூரில் உழைக்கிறவர்களிடம் போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, "பிரஷர் பார்த்தாச்சா?" என்றும் கேளுங்கள்.

திரும்பி வந்தவர்

1990 பிப்ரவரி 11-ஆம் தேதி மண்டேலா விடுதலையானார். அடுத்த மாதமே ஸ்வீடனுக்குப் போய்ச் சிநேகிதரைப் பார்த்தார். 1962-க்குப் பிறகு, 28 வருஷம் கழித்து! ஒருவர் சிறையில், ஒருவர் பரதேசத்தில் கழித்த வருஷங்கள். கட்சித் தலைமையை நீயே எடுத்துக் கொள் என்று டாம்போ சொல்ல, முறைப்படி தேர்தல் நடக்கட்டும் என்று மண்டேலா மறுத்து விட்டாராம். நம் ஊர் அரசியலை நினைத்துக் கொண்டேன்!

1990 டிசம்பர் 13-ஆம் தேதி டாம்போ தாய்நாட்டில் காலை வைத்தார். இறங்கிய விமான நிலையத்துக்கு அப்போது ஜான் ஸ்மட்ஸ் என்று பெயர். காந்திஜி யாரோடு போராடினாரோ, யாருக்குச் சிறையில் செருப்பு தைத்துக் கொடுத்தாரோ, அந்த ஜெனரல் ஸ்மட்ஸ்தான். ஜனங்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். ஆனால் அடுத்த நாளே தொடங்கிய கட்சி மாநாட்டில், பொருளாதாரத் தடைகளை மறுபடி யோசித்துப் பார்க்கலாமே என்று அவர் சொன்னதைப் பிரதிநிதிகள் ஏற்கவில்லை. முப்பது வருஷம் வெளியே நின்று கட்டிக் காத்த வீட்டுக்குள் வந்ததும் சின்னவர்கள் "இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்! அவர் மனஸ்தாபப்பட்டு ஒதுங்கி விடவில்லை. 1991-ல் மண்டேலா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டாம்போ தேசியத் தலைவர் என்ற கௌரவப் பதவியில் இருந்தார். மாணவராக இருந்தபோது தம்மை வெளியே அனுப்பிய ஃபோர்ட் ஹேருக்கே வேந்தரானார்.

1993 ஏப்ரல் 24-ஆம் தேதி மறுபடி பக்கவாதம் வந்து காலமானார். வயது 75. எல்லா ஜனங்களும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலின் பொது வாக்குப்பதிவு 1994 ஏப்ரல் 27-ஆம் தேதி தொடங்கியது. ஒரு வருஷமும் மூன்று நாளும் பிந்தி! அந்தத் தேர்தலுக்குப் பின் அடிலெய்ட் நாடாளுமன்ற உறுப்பினராகி 1999 வரை பணியாற்றினார். 2006 அக்டோபரில் விமான நிலையத்துக்குக் கணவர் பெயர் வைத்ததையும் பார்த்து விட்டு, 2007 ஜனவரி 31-ஆம் தேதி காலமானார்.

நான் ஊர் திரும்பும் முன் இரண்டு கல்லறைகளுக்குப் போனேன். பிராம்ஃபோன்டேன் மயானத்தில் நம் தில்லையாடி வள்ளியம்மை. அங்கே கொண்டு போன மல்லிகைச் சரத்தில் பாதியை வைத்து விட்டு, மீதியை எடுத்துக் கொண்டு பெனோனி பக்கம் வாட்வில்லுக்குப் போனோம். அங்கேதான் ஆலிவரும் அடிலெய்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வாழ்நாளில் சேர்ந்து இருந்ததை விட இங்கேதான் அதிக நாள் சேர்ந்திருப்பார்கள் என்று தோன்றியது.

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு சும்மா நின்றாள். திரும்பும் வழியில், "அப்பா மஸ்கட்லேர்ந்து எழுதின லெட்டர்லாம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"பரண்ல, டிரங்குப் பெட்டியில."

"அடுத்த தடவை வரும்போது கொண்டு வா."

பேத்தியின் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? முதல் வரியில் விமான நிலையத்தின் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியில், 'அவருடைய மனைவி நர்ஸ். அவர்தான் வீட்டைப் பார்த்துக் கொண்டார்' என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அம்மா சொல்லிக் கொடுத்தாளாம்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, அந்த விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டியவர் பெயரில் உள்ள இடத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பாஸ்போர்ட்டுகளில் முத்திரை விழுகிறது. எனக்குப் பின்னால் ஓர் இளம் பெண் கைக்குழந்தையோடு, வேலைக்குப் போகிற புருஷனை வழியனுப்பி விட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் போகும் வரை நானும் அவளையே பார்த்துக் கொண்டிருந்தேன்.